ஹிதாயாவும் மேனிலை வகுப்பும்: சட்டக் கல்வி வரலாற்றில் சில ஏடுகள்

தாம்பரத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் தன் தந்தையாருடன் நம் இல்லத்திற்கு வந்தாள். அவள் பயில்வது மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளியொன்றில், பதினோராம் வகுப்பு. விருப்பப் பாடமாகச் சட்டவியலை எடுத்திருக்கிறாள். செயல்திட்ட ஏடு ஒன்று எழுதவேண்டுமாம். "ஹஜ்ரத், ஃபத்வாவும் கோர்ட்டுத் தீர்ப்பும் ஒண்ணா, வேறயா?" என்று கேட்டாள். முப்பதாண்டுகளாக அரபிக் கல்லூரியில் ஆண்டுதோறும் நாம் ஓதிக்கொடுக்கும் பாடம் அது. ஒரே மூச்சில் விடை சொன்னோம். அவள் குறித்துக்கொண்டாள். பிறகு, "அப்போ நம்ம ஜமாஅத்துல லெட்டர்பேடுல எழுதிக் கொடுக்கிறாங்களே, அது எதுல சேரும்?" என்றாள்.

இவ்வினாவுக்கும் விடை நமக்குத் தெரிந்ததே. எனினும் உடனே வாய் திறக்க இயலவில்லை. அதற்கொரு காரணமுண்டு; அதனைப் பின்னர்ச் சொல்வோம். பதினாறு, பதினேழு வயதில் சட்டமும் நீதிமுறையும் பயில்வது நம் பகுதியில் எவ்வாறு தொடங்கிற்று, எங்கே அறுபட்டது, இன்று எந்நிலையில் உள்ளது என்று எண்ணிப் பார்க்கும் ஆவலை அவ்வினா நம்முள் எழுப்பிற்று. அதன் பயனே இக்கட்டுரை.

தென்சென்னைப் புறநகர், கடந்த சில ஆண்டுகளில் சட்டக் கல்லூரிகளின் நிலமாகவே மாறிவிட்டது எனலாம். 1891-இல் தோன்றி, உயர்நீதிமன்ற வளாகத்தில் நெடுங்காலம் இயங்கிவந்த பழைய சட்டக் கல்லூரி 2018-இல் அவ்விடத்தை விட்டு அகன்றது. 2008 நவம்பரில் மாணவரிடையே நிகழ்ந்த மோதலை ஆராய்ந்த ஆணையத்தின் பரிந்துரை அவ்வாறு அமைந்தது. அதன் ஒரு கிளை திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூருக்குச் சென்றது. மற்றொன்று வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலுள்ள புதுப்பாக்கத்திற்கு வந்தது. அதே சாலையில் வேலூர் தொழில்நுட்ப நிறுவனத்தின் சென்னை வளாகத்தில் ஒரு சட்டப் பள்ளி உண்டு. வண்டலூரில் கீழக்கரைச் செல்வந்தர் மர்ஹூம் பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தோற்றுவித்த கிரசென்ட் நிறுவனத்தில் இன்று சட்டப் பள்ளியும் உண்டு, இஸ்லாமியவியல் துறையும் உண்டு. பல்லாவரத்திலும் காட்டாங்குளத்தூரிலும் தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டம் கற்பிக்கின்றன. பெருங்குடியில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் வளாகம். காலையில் தாம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றால், கறுப்பு மேலங்கியைக் கையில் மடித்து வைத்திருக்கும் இளைஞர் எத்தனை பேர்!

இவர்களெல்லாம் சட்டத்தைத் தேர்ந்தெடுத்த வயது எது? ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பு வந்த பின்னர், அத்தேர்வு +2 முடிக்கும் கையோடு நிகழ்ந்துவிடுகிறது. முற்காலத்தில் பட்டம் பெற்று, உலகை ஓரளவு கண்டு, இருபத்தொரு வயதுக்குமேல் சட்டக் கல்லூரிப் படியேறினார்கள். இன்று பதினேழு வயதுப் பிள்ளை, சட்டம் இன்னதென்று அறியாமலே அதனைத் தன் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்கிறது; அல்லது அறியாமலே தவிர்த்துவிடுகிறது. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

மத்திய வாரியம் 2013–14 கல்வியாண்டில் பதினோராம் வகுப்பில் சட்டவியலை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தது. முதலாண்டில் அரசு என்னும் அமைப்பின் இயல்பு, சட்டத்தின் ஊற்றுக்கண்கள், இந்தியச் சட்டமுறையின் வரலாற்று வளர்ச்சி, நீதிமன்றங்களும் அவற்றின் நடைமுறையும், குடும்ப நீதி ஆகியன. இரண்டாமாண்டில் ஒப்பந்தம், சொத்து, தீங்கியல், குற்றவியல், நடுவர் தீர்வு, தீர்ப்பாயங்கள், லோக் அதாலத், மனித உரிமை, வழக்கறிஞர் தொழில், சட்ட உதவி என்று விரிகிறது. எழுத்துத் தேர்வுக்கு 80, செயல்திட்டத்திற்கு 20. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமும் மேனிலையில் 'சட்ட அறிமுகம்' என்ற பாடத்தை வைத்துள்ளது. இது நம்போன்றோர் கருதத்தக்கது; ஏனெனில் அரபிக் கல்லூரி மாணவர் பலர், ஓதிக்கொண்டே பள்ளிச் சான்றிதழ் பெறுவது இந்நிறுவனத்தின் வழியாகத்தான். ஆனால் அவர்கள் எடுக்கும் பாடங்களின் பட்டியலில் சட்டத்தைக் காண்பது அரிது. தமிழக அரசின் பாடத்திட்டத்திலோ, 1978-இல் +2 முறை வந்த நாள் தொட்டு மேனிலை வகுப்பில் சட்டம் தனிப்பாடமாக இடம்பெறவில்லை. அரசியல் அறிவியல் பாடத்தில் நீதித்துறை பற்றிச் சில அத்தியாயங்கள் உண்டு, அவ்வளவே. ஆக, தமிழ்வழியில் பயிலும் ஒரு மாணவன் ஜாமீன் என்றால் என்னவென்று திரைப்படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரபிக் கல்லூரியில் நீதிமன்றம்

பதினாறு வயதில் சட்டம் பயில்வது புதுமை என்று கல்வியாளர் சிலர் எழுதுவதைக் காண்கிறோம். நமக்கு அது புதுமையன்று. நாம் குதூரி ஓதியபோது நமக்கு மீசை அரும்பவில்லை. விற்பனை, குத்தகை, அடைமானம், பிணை, முகவாண்மை, வாக்குமூலம், சாட்சியம், வழக்கு என்று அதில் வரும் அத்தியாயங்கள் அனைத்தும் இன்று சட்டக் கல்லூரியில் கற்பிக்கப்படும் பொருள்களே. குதூரியை முடித்தவன் சில ஆண்டுகளில் ஹிதாயாவுக்கு வருகிறான். ஹிஜ்ரி 593-இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் புர்ஹானுத்தீன் மர்ஃகீனானீ (ரஹ்) அவர்கள், குதூரியின் சுருக்க நூலையும் இமாம் முஹம்மது ஷைபானீ (ரஹ்) அவர்களின் ஜாமிஉஸ் ஸஃகீரையும் இணைத்துத் தாமே இயற்றிய மூலத்திற்குத் தாமே எழுதிய விரிவுரை அது. கடற்கரையூர்களின் ஷாஃபிஈ மாணவர் அதற்கீடாக மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ஃபத்ஹுல் முயீனையும், இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜையும் ஓதுவர்.

ஹிதாயாவில் நீதிபதியின் ஒழுக்கம் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. காழி மக்கள் எளிதில் அணுகக்கூடிய பொதுவிடத்தில் அமரவேண்டும். வழக்காடும் இருவரையும் சமமாக இருத்தி, சமமாக நோக்கவேண்டும். ஒருவரைப் பார்த்துச் சிரித்து மற்றவரைப் பார்த்து முகம் சுளிக்கலாகாது. நெருங்கிய உறவினரும், பதவிக்கு வருமுன்பே கொடுத்துப் பழகியவரும் நீங்கலாக, எவரிடமும் அன்பளிப்புப் பெறலாகாது. வழக்காடிகளில் ஒருவரை மட்டும் விருந்துக்கு அழைக்கலாகாது. மாணவர்கள் இவ்விடத்தை விரும்பி ஓதுவார்கள். தத்தம் ஊர் முத்தவல்லிகளை நினைத்துச் சிரிப்பார்கள். நாமும் தடுப்பதில்லை.

இவ்வத்தியாயத்தைச் சுற்றி மூன்று சொற்கள் நிற்கின்றன. அம்மாணவி கேட்ட வினாவுக்கான விடை அவற்றில்தான் இருக்கிறது.

முதலாவது ஃபத்வா. இது கேட்டவருக்குச் சட்டம் இன்னதென்று அறிவிப்பது. கேட்டவர் தாம் சொன்ன செய்தியின் அடிப்படையிலேயே அது பிறக்கிறது, முஃப்தி சாட்சிகளை விசாரிப்பதில்லை, மறுதரப்பை அழைப்பதுமில்லை. ஆகவே அதற்குக் கட்டாயப்படுத்தும் ஆற்றலில்லை. இரண்டாவது கழா. இருதரப்பையும் கேட்டு, சான்றுகளை எடைபோட்டு, அதிகாரத்தின் துணையோடு வழங்கப்படும் தீர்ப்பு. இது கட்டுப்படுத்தும். மூன்றாவது தஹ்கீம். இருவர் தம் பிணக்கைத் தீர்க்கத் தாமே ஒருவரை ஹகமாக, அதாவது நடுவராக, ஏற்றுக்கொள்வது. அவருடைய அதிகாரம் அவ்விருவரின் இசைவிலிருந்து மட்டுமே வருகிறது. அவர் முடிவு சொல்லும்முன் இருவரில் எவரும் விலகிக்கொள்ளலாம். சொன்னபின் அது இருவரையும் பிணிக்கும். ஹுதூது, கிஸாஸ் என்னும் குற்றத் தண்டனைகளில் தஹ்கீமுக்கு இடமில்லை. நடுவரின் முடிவு காழியின் முன் கொண்டுவரப்பட்டால், தம் சட்டக் கொள்கைக்கு இசைந்திருக்கக் கண்டால் அவர் அதனை நிறைவேற்றி வைப்பார் என்றும் ஹிதாயா கூறுகிறது. இக்கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைக்குமாறு வேண்டுகிறோம்.

இனி ஜமாஅத்தின் மடல் எதில் சேரும்? அது கழா அன்று. அதன்பின் அரசதிகாரம் இல்லை. இருவரும் மனமொப்பி வந்திருந்தால் தஹ்கீம் ஆகலாம். இருதரப்பும் தாமே இறங்கிவந்து உடன்பட்டிருந்தால் ஸுல்ஹ், அதாவது சமாதான உடன்பாடு. ஒருவரை அச்சுறுத்திக் கையொப்பம் வாங்கியிருந்தால் இவற்றுள் ஒன்றுமன்று.

ஒன்றை இங்கு நேர்மையாகச் சொல்லவேண்டும். முஸ்லிமல்லாதார் ஆளும் நாட்டில் முஸ்லிம்கள் தமக்குள் உடன்பட்டு ஒருவரைக் காழியாக்கிக்கொள்ளலாம் என்று அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) போன்ற பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் எழுதியுள்ளனர். நம் நாட்டில் தாருல் கழாக்களை நடத்துவோர் இதனையே ஆதாரமாகக் கொள்வர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அங்கும் அடிப்படை, மக்களின் உடன்பாடே என்பது கவனிக்கத்தக்கது.

சென்னையின் முஃப்திகள்

ஹிதாயா ஒரு காலத்தில் இம்மாநிலத்தின் நடைமுறைச் சட்ட நூலாகவே இருந்தது என்பதை இன்று பலர் அறியார். வாரன் ஹேஸ்டிங்ஸின் முயற்சியால் அது பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டு, அதிலிருந்து சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் ஆக்கி 1791-இல் வெளியிட்டார். அரபி மூலத்திலிருந்து நேராகப் பெயர்த்ததன்று. தூய்மை, தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகிய அத்தியாயங்களை விட்டுவிட்டு ஜகாத்திலிருந்து தொடங்கினார். வரி, சொத்து, வழக்கு இவைதாமே கும்பெனிக்கு வேண்டியவை! ஒரு சமுதாயத்தின் நூலை அந்நியன் எப்படிப் படிக்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

1802-இல் சென்னை மாகாணத்தில் சதர் அதாலத்தும், ஃபௌஜ்தாரி அதாலத்தும், ஜில்லா நீதிமன்றங்களும் அமைந்தன. நீதிபதி ஆங்கிலேயர், அவருக்குப் பக்கத்தில் சட்ட அதிகாரியாக முஃப்தியும் பண்டிதரும். குற்ற வழக்கில் விசாரணை முடிந்ததும் முஃப்தி தம் ஃபத்வாவை எழுதுவார். அதன்மேல் தீர்ப்பு அமையும். கும்பெனியின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் பல இடங்களில் அந்த ஃபத்வாவை மீற நீதிபதிக்கு இடமளித்தன. ஆங்கில நீதிபதி, இந்துக் குற்றவாளி, இஸ்லாமியக் குற்றவியல், நடுவில் ஒரு முஃப்தி! எவருக்கும் முழு மனநிறைவு தராத ஏற்பாடு அது. எனினும் அறுபது ஆண்டுகள் நடந்தது.

இவ்வதிகாரிகளை எங்கே உருவாக்கினார்கள்? 1812-இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் தோன்றிய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தமிழறிஞர்கள் நன்கறிவர். திராவிட மொழிக் குடும்பம் பற்றிய கருத்து முதலில் வடிவம் பெற்ற இடம் என்று போற்றுவர். அக்கல்லூரி ஆங்கில அதிகாரிகளுக்கு மொழி கற்பித்ததோடு நில்லாமல், நீதிமன்றங்களுக்கு வேண்டிய இந்துச் சட்ட, முஸ்லிம் சட்ட அறிஞர்களையும் பயிற்றுவித்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மதரஸாவுக்கு வெளியே, அரசின் செலவில், இம்மண்ணின் பிள்ளைகளுக்குச் சட்டம் கற்பித்த தொடக்க கால வகுப்பறைகளுள் அது ஒன்று. சென்னையில் தனியே சட்ட வகுப்பு தொடங்கிய ஆண்டாகப் பலரும் குறிப்பிடும் 1855-க்கு அது நாற்பதாண்டுகளுக்கும் மேல் மூத்தது.

1862 ஜனவரி முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே உயர்நீதிமன்றம் அமைந்து, அதாலத்துகள் மறைந்தன. 1864-ஆம் ஆண்டின் 11-ஆவது சட்டம் முஃப்தி, பண்டிதர் பதவிகளை ஒழித்ததோடு, அரசு காழிகளை நியமிக்கும் வழக்கத்தையும் நிறுத்திற்று. தொடர்ந்து குழப்பம். திருமணங்களில் அரசு நியமித்த காழி இருக்கவேண்டும் என்பது சில பகுதி முஸ்லிம்களின் வழக்கமாக இருந்தது. ஆகவே 1880-இல் காழிகள் சட்டம் வந்தது. அம்மசோதாவை வைஸ்ராயின் சட்டமன்றத்தில் கொணர்ந்தவர் சர் சையத் அஹ்மத் கான். அச்சட்டம் முதற்கண் சென்னை மாகாணத்திற்கே உரியதாக இயற்றப்பட்டது. பிற மாகாணங்கள் வேண்டுமாயின் அறிவிக்கை வாயிலாக ஏற்றுக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறு சட்டம். நான்காம் பிரிவு, காழிக்கு எவ்வித நீதி அதிகாரமோ நிருவாக அதிகாரமோ இச்சட்டத்தால் உண்டாகாது என்கிறது. திருமணத்திற்குக் காழி இருந்தே ஆகவேண்டும் என்றும் இச்சட்டம் சொல்லவில்லை. வேறெவரும் காழியின் பணிகளைச் செய்வதை இது தடுக்கவுமில்லை.

அன்றே காழியின் கையிலிருந்து கழா போய்விட்டது. பெயர் மட்டும் நின்றது. இந்த மாற்றத்தை நம் அரபிக் கல்லூரிகள் பாடமாக வைக்கவில்லை. ஹிதாயாவின் காழியையே ஓதினோம், ஓதுகிறோம். 1880-க்குப் பிந்திய காழியைப் பற்றி ஒருவரி சொல்லிக்கொடுப்பதில்லை. அங்கேதான் அறுந்தது.

மறுபுறம், ஆங்கிலக் கல்வி வழியே சட்டம் பயின்ற முஸ்லிம்கள் தொடக்கத்தில் சிலரே. ஆயினும் அவர்களுள் பெரியோர் தோன்றினர். 1908 முதல் 1920 வரை சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் அப்துர் ரஹீம் வங்கத்தவர். 1907-இல் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளாக நிகழ்த்தி 1911-இல் நூலாக்கிய அவருடைய உஸூலுல் ஃபிக்ஹ் விளக்கம், இன்றும் ஆங்கிலமறிந்த மாணவருக்கு நாம் பரிந்துரைப்பது. நீதிபதி பஷீர் அஹ்மது சயீத் கல்வி நிறுவனங்கள் கண்டவர். நாகூர் தந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல் 1979-இல் தலைமை நீதிபதியாகி, 1981-இல் கேரளத்திற்கு மாற்றப்பட்டபோது பதவி துறந்தவர். கம்பனில் தோய்ந்த அவரைத் தமிழுலகம் வேறு காரணத்திற்காகவும் அறியும். 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பின்னர்த் தமிழக ஆளுநராகவும் விளங்கிய ஃபாத்திமா பீவியின் பெயரை அம்மாணவி ஏற்கெனவே தன் ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் அரபி

இடையில் ஒரு செய்தி. தாம்பரம் நீதிமன்ற வளாகத்திற்கு நாம் சிலமுறை சென்றதுண்டு. அரபி ஆசிரியனுக்கு அங்கே காதுக்கு விருந்து. வக்கீல் வக்காலத்துப் போடுகிறார், வகீல், வகாலத். கட்சிக்காரர் ஆஜராகிறார், ஹாழிர். ஜாமீன் என்பது ழாமின். தாவா என்பது தஃவா. நகல், அசல், ரத்து, வாரிசு, வசூல் யாவும் அரபி. ஜப்தி என்பது ழப்த் என்பதன் திரிபு. கைதி என்பது கைத், கட்டு என்பதிலிருந்து. அமீனா என்று நாம் அஞ்சும் மனிதர் உண்மையில் அமீன், நம்பிக்கைக்குரியவர்! முன்சீப் என்றால் இரு தரப்புக்கும் சரிபாதி நீதி செய்பவர். பிராதும் குமாஸ்தாவும் தஸ்தாவேஜும் பாரசீகம்.

இவற்றிற்கெல்லாம் இன்று வழக்கறிஞர், பிணை, வழக்கு, படி, உரிமையியல் நீதிபதி என்று நல்ல தமிழ்ச் சொற்கள் வந்துவிட்டன, வரவேற்கிறோம். நாம் சொல்லவந்தது வேறு. நம் அரபிக் கல்லூரி மாணவனைச் சட்ட வகுப்பில் உட்காரவைத்தால், அவன் அந்நியனாக உட்காரவேண்டியதில்லை. வாதி தன் கோரிக்கையை மெய்ப்பிக்கவேண்டும் என்னும் விதியை, உமர் (ரழி) அவர்கள் அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரழி) அவர்களுக்கு எழுதியதாக மரபு கூறும் மடலில் அவன் படித்திருக்கிறான். முகவாண்மை அவனுக்குக் கிதாபுல் வகாலா. நடுவர் தீர்வு அவனுக்குத் தஹ்கீம். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தின் பாதி அவனுக்கு வேறு பெயரில் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: இன்றைய நாட்டின் நீதிமன்றம் எங்கே தொடங்குகிறது, அதன் கதவு எது என்பது.

ஒரு மடலின் கதை

நாம் வாய் திறக்க இயலாமல் போன காரணத்திற்கு வருகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மஹல்லாவில், ஊரைச் சொல்லவேண்டியதில்லை, கணவனும் மனைவியும் பிரிவதென்று முடிவாயிற்று. ஜமாஅத்தார் கூடினர். மஹர் பாக்கி, நகையின் மதிப்பு, குழந்தைக்கு மாதந்தோறும் ஒரு தொகை என்று பேசி முடித்து, ஜமாஅத்தின் மடலில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டனர். சாட்சிகளுள் நாமும் ஒருவர். அப்பெண் அத்தாளை மடித்து, குர்ஆன் வைத்திருந்த உறையினுள் பத்திரப்படுத்திக்கொண்டதை நாம் கண்டோம். அவள் அதனைத் தீர்ப்பென்றே நம்பினாள். அன்று, "அம்மா, இது தீர்ப்பன்று" என்று நாம் சொல்லவில்லை. நமக்குத் தெரியும், சொல்லவில்லை. நல்ல முடிவாயிற்றே என்ற மகிழ்ச்சியில் சொல்லத் தோன்றவில்லை என்பதே உண்மை.

இரண்டு தவணைக்குப் பிறகு பணம் நின்றது. ஜமாஅத்தார் ஆளனுப்பினர், அவன் ஊர் மாறிப்போனான். அவள் தாளை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் சென்றாள். இதை வைத்து நேரே வசூலிக்க முடியாது, புதிதாக வழக்குத் தொடரவேண்டும், இத்தாள் அதில் ஒரு சான்றாக உதவலாம், அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிட்டார். அவள் நம்மிடம் வந்து கேட்டாள்: "ஹஜ்ரத், நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே?"

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்கிறது அது. அச்சட்டத்தின்படி அமையும் லோக் அதாலத்தின் முன், இன்னும் வழக்காகாத பிணக்கையும் கொண்டுசெல்லலாம். மணமுறிவை வழங்க அதற்கு அதிகாரமில்லை. ஆனால் பணம், நகை, பராமரிப்பு பற்றிய உடன்பாட்டை அது பதிவு செய்யலாம். அவ்வாறு பதிவான உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணையாகவே கருதப்படும், அதன்மேல் முறையீடில்லை, நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்றலாம். அன்று பள்ளிவாசலில் எழுதிய அதே உடன்பாட்டை, அதே சொற்களில், வட்டச் சட்டப் பணிகள் குழுவின் வாயிலாக லோக் அதாலத்தில் பதிந்திருந்தால், அப்பெண் ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்க வேண்டியதில்லை.

இது பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. அன்று அக்கூட்டத்திலிருந்த முதியவர், செல்வந்தர், ஆலிம், பட்டதாரி ஒருவருக்கும் தெரியவில்லை. ஹிதாயாவின் சொல்லில் சொல்வதானால், ஸுல்ஹையும் தஹ்கீமையும் செய்துமுடித்தோம். அதனைக் காழியின்முன் கொண்டுசென்று நிறைவேற்றச் செய்யும் படியை விட்டுவிட்டோம்.

நீதிமன்றங்களும் இதையே பலமுறை சொல்லிவிட்டன. 2014 ஜூலை 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், விஷ்வ லோசன் மதன் தொடுத்த வழக்கில், ஃபத்வா என்பது கருத்துரையே, அதற்குச் சட்டத்தின் கட்டாயமில்லை என்றது. தாருல் கழா இருப்பதே குற்றம் என்று அது சொல்லவில்லை. 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், பதர் சயீத் தொடுத்த வழக்கில், தலைமைக் காழி வழங்கும் தலாக் சான்றிதழ் கருத்துரையே என்றது. 2023-இல் மற்றொரு வழக்கில், ஷரீஅத் மன்றம் என்ற பெயரில் தனியார் அமைப்பு வழங்கிய குல்உச் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தை நாடுக என்றது. ஒவ்வொரு தீர்ப்பு வந்தபோதும் நம்மவர் மார்க்கத்தில் தலையீடு என்று பதறினர். பதறியவருள் ஹிதாயா ஓதியவரும் உண்டு. ஃபத்வா கட்டுப்படுத்தாது என்பதை நாம் குதூரி வகுப்பிலேயே ஓதிவிட்டோமே! தனிச்சட்டத்தைப் பற்றிய கவலைகள் வேறு. அவற்றுள் நியாயமானவையும் உண்டு. தெரிந்த பாடத்தைக் கேட்டு அதிர்ச்சியடைவது வேறு.

பள்ளிப் பாடத்தைக் குறையற்றதென்றும் நாம் சொல்லவரவில்லை. மத்திய வாரியத்தின் சட்டப் பாடநூல் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். வரலாற்றுப் பகுதியில் முகலாயர் கால நீதிமுறைக்கு ஒதுக்கிய இடம் சிறிது. தென்னாட்டுக்கு அதனினும் சிறிது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை அம்மாணவி நம்மிடம்தான் கேள்விப்பட்டாள். 2024 ஜூலை முதல் நாள் தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் பெயரும் பிரிவெண்களும் மாறிவிட்டமையால், முந்திய பதிப்பில் மனப்பாடம் செய்த எண்கள் பயன்படா. இப்பாடத்தை நடத்தும் பள்ளிகளும் சிலவே. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு 2020-க்குப் பின் முன்னறிவு கேட்பதில்லை, பத்தியைப் படித்து ஆராயும் திறனைத்தான் சோதிக்கிறது. ஆகவே இப்பாடம் தேவையில்லை என்று சொல்லும் ஆசிரியரும் உண்டு. வழக்கறிஞராகப் போகிறவனுக்கு ஒருவேளை தேவையில்லாமல் இருக்கலாம். கணக்கர் ஆகப் போகிறவனுக்கும், கடை வைக்கப் போகிறவனுக்கும், ஒருநாள் ஜமாஅத் நிருவாகியாகி மடலில் கையொப்பமிடப் போகிறவனுக்கும் தேவை.

அம்மாணவியிடம் அன்று இவை யாவற்றையும் சொன்னோம்; நாம் கையொப்பமிட்ட கதையையும் மறைக்கவில்லை. அவள் தந்தையார் சற்றுச் சங்கடப்பட்டார். அவளோ தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஹிதாயாவைக் காட்டுமாறு கேட்டாள். எடுத்து, தஹ்கீம் வரும் இடத்தைப் படித்துப் பொருள் சொன்னோம். "இதுல லோக் அதாலத்தே இருக்கே" என்றாள். அப்படியே இருக்கிறதென்று சொல்லமுடியாது, அங்கே காழி ஆராய்ந்து பார்த்த பின்னரே நிறைவேற்றுவார், இங்கே உடன்பாடு பதிவானவுடனேயே ஆணையாகிறது என்று வேறுபாட்டையும் விளக்கினோம்.

அதன்பின் நம் கல்லூரியில் மேல்வகுப்பு மாணவர் மூவர், திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்குச் சட்ட அறிமுகத்தை எடுத்திருக்கின்றனர். ஹிதாயா வகுப்பில் 1864, 1880 ஆகிய இரண்டு சட்டங்களையும் ஒருநாள் எடுத்துச் சொல்கிறோம். மஹல்லாவிலும், பண உடன்பாடு எழுதப்படும்போது இருதரப்பையும் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பவேண்டும் என்று கூறிவருகிறோம். சிலர் சென்று பதிந்துகொண்டனர். பள்ளிவாசலில் பேசி முடித்ததைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதா என்று முதியவர் இருவர் இன்றும் ஒப்பவில்லை. அவர்களுக்காக ஹிதாயாவின் அப்பக்கத்தைப் படியெடுத்து, தமிழாக்கத்துடன் கொடுத்திருக்கிறோம். படித்துவிட்டுச் சொல்வதாகக் கூறியுள்ளனர்.